நோய் வராதவர்களிடம் ஏன் கேட்கிறார்கள்?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறீர்கள். மூன்று நாளில் ஐம்பது பேருக்கு மேல் வாந்தி, பேதி. புதன்கிழமை மதியம் கேன்டீனில் போட்ட தயிர்சாதம்தான் காரணம் என்று நிர்வாகம் முடிவு கட்டி, கான்ட்ராக்டரை நிறுத்திவிட்டது. சுகாதாரத் துறையிலிருந்து வந்தவர்களோ, ஒன்றும் ஆகாதவர்களையும் மெஷினை விட்டு எழுப்பி, என்ன சாப்பிட்டீர்கள், எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தீர்கள் என்று ஆளுக்குக் கால் மணி நேரம் கேட்கிறார்கள். மிச்சமிருந்த சாதத்தை லேபுக்கு அனுப்பினால் தெரிந்துபோகிற விஷயத்துக்கு இவ்வளவு நேரத்தை வீணாக்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: தயிர்சாதம்தான் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அதற்குப் பதில் சொன்னால் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

நோய் வந்தவர்களிடம் மட்டும் கேட்டால், அவர்கள் என்னென்ன செய்தார்கள் என்பது தெரியும். அதில் எது நோயைக் கொடுத்தது என்பது தெரியாது. 1854-ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார். பிராட் தெருவின் தண்ணீர்ப் பம்பைப் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தத் தெருவில் இருந்த இரண்டு தொழிற்கூடங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. துப்பாக்கிக்கான வெடிமூடி செய்யும் ஆலை ஒன்றில் சுமார் 200 பேர் வேலை பார்த்தார்கள். அந்தப் பம்பிலிருந்து பிடித்த தண்ணீரை இரண்டு தொட்டிகளில் எப்போதும் நிரப்பி வைத்திருந்தார்கள். அங்கே 18 பேர் செத்துப்போனார்கள். பக்கத்திலேயே இருந்த பீர் ஆலையில் 70 பேருக்கு மேல். அங்கே ஒருவரும் காலராவால் சாகவில்லை. விசாரித்தால், வேலையாட்களுக்குத் தினமும் குடிக்கப் பீர் கொடுப்பது உண்டு, ஆலைக்குள்ளேயே தனிக் கிணறும் உண்டு, தெருப் பம்புத் தண்ணீரை அவர்கள் குடிப்பதே இல்லை என்று முதலாளி சொன்னார். ஒரே தெரு, ஒரே காற்று, ஒரே சாக்கடை நாற்றம். காற்றில்தான் காலரா வருகிறது என்று நம்பிய காலத்தில் அந்த நம்பிக்கையை அசைத்ததில், சாகாத அந்த எழுபது பேருக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் ஆலையில் நன்றாக இருப்பவர்களை உட்காரவைத்துக் கேட்பது அந்த எழுபது பேரைத் தேடித்தான்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1940 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வேகோ வட்டாரத்தில் ஒரு தேவாலய விருந்து. வந்த 80 பேரில் 75 பேரை விசாரித்தார்கள், அவர்களில் 46 பேருக்கு நோய். உலகம் முழுக்கத் தொற்றுநோயியல் வகுப்பில் இன்றும் இந்தக் கணக்கைத்தான் போடச் சொல்கிறார்கள். நோயாளிகள் 46 பேரில் 29 பேர் பன்றிக்கறி சாப்பிட்டிருந்தார்கள். பாதிக்கும் மேல் என்பதால் கறிதான் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால், கறி சாப்பிட்ட 46 பேரில் 29 பேருக்கு நோய், அதாவது 63 சதம். சாப்பிடாத 29 பேரில் 17 பேருக்கு நோய், 59 சதம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஏறத்தாழ ஒரே அளவு. கறி தப்பித்தது. வெனிலா ஐஸ்கிரீமுக்கு வருவோம். சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கு நோய், 80 சதம். சாப்பிடாத 21 பேரில் 3 பேருக்கு மட்டும், 14 சதம். ஐந்தரை மடங்கு வித்தியாசம். ஐஸ்கிரீமுக்கான பால் கலவையை முதல் நாளே காய்ச்சி, இரவு முழுக்கத் தேவாலயத்தின் நிலவறையில் குளிரூட்டாமல் வைத்திருந்தார்கள் என்பது விசாரணையில் தெரிந்தது. எண் கைகாட்டிய இடத்தில் சமையல் முறையும் பொருந்தியது.

சாப்பிடாமலே நோய் வந்த அந்த 3 பேரையும் கவனியுங்கள். எந்தக் கணக்கிலும் இப்படிச் சிலர் இருப்பார்கள். சாப்பிட்டதை மறந்திருக்கலாம், ஒரே கரண்டி இரண்டு பாத்திரத்தில் புழங்கியிருக்கலாம், வேறு ஏதோ காரணத்தால் அன்றைக்கே வயிறு கெட்டிருக்கலாம். 'தயிர்சாதமே தொடாத இன்னாருக்கும் பேதி, அப்புறம் எப்படித் தயிர்சாதம்' என்று ஒரே ஆளை வைத்துக் கணக்கை உடைக்க முடியாது. அதேபோல 'நானும் சாப்பிட்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்பதும் உடைக்காது.

நீங்கள் சொன்னதில் என்னை யோசிக்கவைத்தது 'மூன்று நாளில்' என்ற சொல். ஒரே மதியச் சாப்பாட்டில் நச்சு இருந்தால் நோய் மூன்று நாளுக்கு இழுக்காது. சோறு, பால், தயிர் வகையில் வழக்கமாக நச்சைச் சுரக்கும் இரண்டு கிருமிகள் ஸ்டஃபைலோகாக்கஸும் பேசில்லஸ் சீரியஸும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு, மிஞ்சினால் எட்டு மணி நேரத்துக்குள் வாந்தியில் தொடங்கி, ஒரு நாளில் அடங்கிவிடும். பெரிய அண்டாவில் சமைத்து மெதுவாக ஆறிய பிரியாணி, குழம்பில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்றால் 6 முதல் 24 மணி நேரம், வாந்தி குறைவு, வயிற்றுவலியும் பேதியும் அதிகம். சால்மொனெல்லாவுக்குப் பெரும்பாலும் 12 முதல் 36 மணி, காய்ச்சலும் சேர்ந்து வரும். நோரோவைரஸுக்கு 12 முதல் 48 மணி. ஷிகெல்லாவுக்கு ஒன்று முதல் மூன்று நாள், மலத்தில் ரத்தமும் சளியும் போகலாம். காலராவுக்குச் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாள் வரை, அரிசி கழுவிய தண்ணீர் போலப் போகும்.

இதனால்தான் 'எப்போது தொடங்கியது' என்று மணிக் கணக்கில் கேட்கிறார்கள். 'வியாழக்கிழமை' என்ற பதில் போதாது. 'வியாழன் ராத்திரி ஷிப்ட் விட்டு ரூமுக்குப் போய்ப் படுத்த பிறகு, பதினொரு மணி இருக்கும்' என்றால்தான் உதவும். ஒரு கட்டத்தாளை எடுத்து, கிடைக்கோட்டில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு கட்டம் என்று குறித்து, ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் தொடங்கிய நேரத்தின் மேல் ஒரு கட்டத்தை நிரப்பிக்கொண்டே போங்கள். நச்சு என்று சந்தேகம் இருந்தால் ஒரு மணி நேரக் கட்டம் வேண்டும். சந்தேகப்படும் நோய் வெளிப்படும் காலத்தில் (கிருமி உள்ளே போனதிலிருந்து நோய் தொடங்கும்வரை ஆகும் நேரத்தில்) மூன்றில் ஒன்று அல்லது நான்கில் ஒன்று என்று கட்டத்தின் அகலத்தை வைப்பது வழக்கம். சட்டென்று ஏறி ஒரே கோபுரமாக நின்று இறங்கினால் ஒரே வேளையில் எல்லாருக்கும் போனது. ஏறி, இறங்காமல் மேடு மேடாக நீண்டால் மூலம் இன்னும் திறந்தே இருக்கிறது, குடிநீரில் அடிக்கடி இப்படித்தான். ஒரு மேடு, ஒன்றிரண்டு நாள் கழித்து இன்னொரு மேடு, அதில் வீட்டில் இருக்கும் பிள்ளைகளும் விடுதி அறைத் தோழிகளும் இருந்தால், ஆளிலிருந்து ஆளுக்குப் போகிறது.

உங்கள் ஆலையில் என்ன என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு சொல்லலாம். புதன் மதியத்துக்கு முன்பே ஒருவருக்காவது தொடங்கியிருந்தாலோ, புதன்கிழமை விடுப்பில் இருந்தவர்களுக்கும் வந்திருந்தாலோ, வெள்ளி, சனியிலும் புதிதாக வந்துகொண்டிருந்தாலோ, தயிர்சாத நச்சு என்ற கதை நிற்காது. அப்போது தண்ணீரையும் நோரோவைரஸையும் பார்க்க வேண்டும். நோரோவைரஸுக்கு வைரஸ் சோதனை இல்லாமலே ஒரு பழைய அளவுகோல் உண்டு: பாதிப் பேருக்கு மேல் வாந்தி, வெளிப்படும் காலம் 24 முதல் 48 மணி, நோய் 12 முதல் 60 மணி நேரத்தில் தானாக அடங்குவது, மலத்தில் நோய் தரும் பாக்டீரியா எதுவும் கிடைக்காமை. நான்கும் பொருந்தினால் நோரோவைரஸ் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். பொருந்தாவிட்டால் அது இல்லவே இல்லை என்று தள்ளவும் முடியாது.

இனி லேப். சாதத்தை அனுப்பினால் தெரிந்துவிடும் என்பது பல காரணங்களால் நடப்பதில்லை. முதலில், பெரும்பாலும் அந்தச் சாதம் இருக்காது. ஐம்பது பேர் விழுந்தது தெரியவரும்போது அண்டா கழுவிக் கவிழ்த்தாகியிருக்கும். அனுப்புவது அடுத்த நாள் செய்த சாதமாக இருக்கும், அல்லது வெயிலில் ஒரு நாள் கிடந்த மிச்சமாக இருக்கும். கிடந்த மிச்சத்தில் கிருமி வளர்ந்திருந்தால், அது சாப்பிடும்போதே இருந்ததா, பிறகு வளர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. சூடாக்கியதில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி செத்து, அது சுரந்த நச்சு மட்டும் சாகாமல் இருக்கும். கல்ச்சர் போட்டால், அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்தால், ஒன்றும் வளராது, 'கிருமி இல்லை' என்று தாள் வரும். மறுபடி கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று கேன்டீன்களில் நம்புவதும் இதனால்தான் தவறு. கல்ச்சரில் வைரஸும் தெரியாது, அதற்குப் பி.சி.ஆர். வேண்டும்.

நோயாளியின் மலத்தில் கிடைக்கும் தடயம் உணவைவிடப் பயனுள்ளது. ஐம்பது பேருக்கும் எடுக்க வேண்டியதில்லை. புதிதாக நோய் தொடங்கிய, ஆன்டிபயாடிக் இன்னும் விழுங்காத ஐந்து முதல் பத்துப் பேர் போதும். பாக்டீரியாவுக்குப் பஞ்சுக்குச்சியில் எடுத்து கேரி-பிளேர் என்ற ஊடகக் குழாயில் போட வேண்டும், அது வழியில் கிருமியைக் காப்பாற்றும். வைரஸுக்கு அது ஆகாது. எதுவும் சேர்க்காத சுத்தமான டப்பாவில் மலத்தை அப்படியே எடுத்து ஐஸில் அனுப்ப வேண்டும். ஆலை வாசலில் உள்ள கிளினிக்கில் எல்லாருக்கும் முதல் மணி நேரத்திலேயே மாத்திரையும் ஊசியும் போட்டுவிட்டால் இந்த வாய்ப்பு போய்விடும். நடைமுறையில் அதிகம் கெட்டுப்போகும் இடம் இதுதான். சாதாரண நீர்ப் பேதிக்குப் பெரும்பாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலே மருந்து. ஆன்டிபயாடிக் தேவையா என்பதை மருத்துவர் ரத்தம் போகிறதா, காலராவா, காய்ச்சல் எப்படி என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உடம்பு துவண்டவர்களை எந்த மாதிரிக்காகவும் காக்கவைக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

தண்ணீர் மாதிரியிலும் ஒரு சின்ன விஷயம் முழு முடிவையும் மாற்றும். கிருமி நீக்கிய பாட்டிலில் கொஞ்சம் சோடியம் தயோசல்ஃபேட் இருக்க வேண்டும். அது இல்லாமல் பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்தால், தண்ணீரில் மீதமிருக்கும் குளோரின் பாட்டிலுக்குள்ளேயே வேலை செய்து, லேபுக்குப் போவதற்குள் கிருமியைக் கொன்றுவிடும். 'குடிக்கத் தகுந்தது' என்று முடிவு வரும். ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள், தவறினால் ஒரு நாளுக்குள் சேர்க்க வேண்டும். நோய் பரவிய செய்தி தெரிந்ததுமே யாரோ பதறித் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டு, மறுநாள் மாதிரி எடுத்தால் அதுவும் நன்றாகத்தான் வரும். அந்தத் தாளைக் காட்டித் தண்ணீர் சுத்தம் என்று வாதாடுவது சரியில்லை. மாதிரி எடுக்கப் பத்து நிமிடம்தான். அதை எடுத்துவிட்டு உடனே குளோரின் போடுங்கள், முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி கேட்பதற்கு வருகிறேன். இங்கேதான் சூப்பர்வைசராக உங்களால் பெரிய உதவி செய்ய முடியும். முதலில் யாரை நோயாளி என்று எண்ணுவது என்பதை எழுதி வைக்க வேண்டும். உதாரணமாக: 'திங்கள் முதல் சனி வரை இந்த ஆலை வளாகத்தில் வேலை செய்தவர் அல்லது விடுதியில் தங்கியவர், 24 மணி நேரத்தில் மூன்று தடவை அல்லது அதற்கு மேல் நீர்ப் பேதி, அல்லது வாந்தி'. இதில் 'தயிர்சாதம் சாப்பிட்டவர்' என்ற சொல் வரவே கூடாது. சந்தேகப்படும் பண்டத்தை வரையறைக்குள்ளேயே வைத்தால், விடையை முன்னாலேயே எழுதிவிட்டுக் கணக்குப் போடுவதாகிவிடும். நிர்வாகங்கள் தயாரிக்கும் பட்டியல்களில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. கேன்டீனில் சாப்பிட்டு நோய் வந்தவர்களை மட்டும் எழுதுவார்கள், வீட்டிலிருந்து டிபன் கொண்டுவந்தும் நோய் வந்தவரை 'அவருக்கு வேறு ஏதோ' என்று விட்டுவிடுவார்கள்.

அடுத்தது மொத்தத் தலைக்கணக்கு. ஐம்பது என்ற எண்ணுக்குக் கீழே எழுத வேண்டிய எண் எது? கட்டிங், டெய்லரிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பிரிவு பிரிவாக, ஷிப்ட் ஷிப்டாக, அன்று உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர் என்று வேண்டும். மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், கம்பெனி ஆட்கள் மட்டும்தான் இருப்பார்கள். கான்ட்ராக்ட் ஆட்கள், செக்யூரிட்டி, துப்புரவு அம்மாக்கள், லோடு ஏற்றுபவர்கள், கேன்டீனில் சமைப்பவர்கள் வேறு வேறு நோட்டில் இருப்பார்கள் அல்லது எந்த நோட்டிலும் இருக்க மாட்டார்கள். ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளர்களைத் தமிழில் கேட்டால் 'சரி, சரி' என்று தலையாட்டிவிடுவார்கள். அவர்கள் மொழி பேசும் ஆள் ஒருவர் பக்கத்தில் வேண்டும், அந்த ஆள் அவர்களைக் கூட்டிவந்த ஏஜென்டாக இருக்கக் கூடாது. நோய் என்று சொன்னால் சம்பளம் பிடிப்பார்கள் என்ற பயம் இருந்தால் பாதிப் பேர் சொல்லமாட்டார்கள். விசாரணை தொடங்கும் முன்பே, நோய் விடுப்புக்குச் சம்பளம் பிடிக்கமாட்டோம் என்று நிர்வாகம் மைக்கில் அறிவித்தால் அந்த ஒரு அறிவிப்பு எந்த லேப் சோதனையையும்விட உண்மையைக் கொண்டுவரும். கேட்கும் இடத்தில் ஹெச்.ஆர். உட்கார்ந்திருக்கக் கூடாது. பெயர்ப் பட்டியல் சுகாதாரத் துறையிடம் இருக்கட்டும், நோட்டீஸ் போர்டில் வேண்டாம்.

கேட்கும் விதமும் முக்கியம். 'புதன்கிழமை தயிர்சாதம் சாப்பிட்டீங்களா?' என்று தொடங்கினால், கான்ட்ராக்டரை நிறுத்திய செய்தி ஆலை முழுக்கத் தெரிந்த பிறகு, நோய் வந்தவர் எல்லாரும் ஆமாம் என்பார்கள். நன்றாக இருப்பவர் கொஞ்சம்தான் சாப்பிட்டேன் என்பார். ஆகவே மூன்று நாளின் ஒவ்வொரு வேளைக்கும் முழு மெனுவையும் வரிசையாகக் கேட்க வேண்டும்: சாதம், சாம்பார், ரசம், பொரியல், தயிர்சாதம், ஊறுகாய், மோர், டீ, வடை. கூடவே தண்ணீர்: எந்தக் குழாய், எந்த கேன், டம்ளரா சொந்த பாட்டிலா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை. எல்லாரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. ஆளுக்குக் கால் மணி நேரம் ஆவது இதனால்தான். ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் எல்லாரையும் கேட்க வேண்டியதில்லை. நோய் வந்தவர்களோடு, அதே பிரிவு, அதே ஷிப்டிலிருந்து நோய் வராதவர்களை ஒன்றுக்கு ஒன்று அல்லது ஒன்றுக்கு இரண்டு என்று குலுக்கிப் போட்டு எடுத்தால் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் கணக்கு ஏமாற்றும். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். 400 பேர். தயிர்சாதம் சாப்பிட்ட 200 பேரில் 41 பேருக்கு நோய், சாப்பிடாத 200 பேரில் 14 பேருக்கு மட்டும். மூன்று மடங்கு, தயிர்சாதம்தான் என்று தோன்றும். இப்போது கேன்டீன் குழாயில் தண்ணீர் குடித்தவர், குடிக்காதவர் என்று பிரியுங்கள். குடித்தவர்களில், தயிர்சாதம் சாப்பிட்ட 160 பேரில் 40 பேர், சாப்பிடாத 40 பேரில் 10 பேர்: இரண்டுமே 25 சதம். குடிக்காதவர்களில், சாப்பிட்ட 40 பேரில் ஒருவர், சாப்பிடாத 160 பேரில் 4 பேர்: இரண்டுமே இரண்டரை சதம். தயிர்சாதத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. கேன்டீனில் சாப்பிடுகிறவர் அங்கேயே தண்ணீரும் குடிக்கிறார், அவ்வளவுதான். கான்ட்ராக்டரை மாற்றியாகிவிட்டது, புதிய ஆள் அதே குழாயில் தண்ணீர் பிடித்துப் புதிய டம்ளரில் ஊற்றுகிறார். நிர்வாகத்தின் அவசர முடிவு எனக்குக் கவலை தருவது இதனால்தான். தவறான ஆளின் பிழைப்பு போவது ஒரு பக்கம், உண்மையான மூலம் திறந்தே கிடப்பது மறுபக்கம்.

தண்ணீரைச் சந்தேகித்தால் கேன்டீன் குழாயிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும்: குழாய், ஓவர்ஹெட் டேங்க், மோட்டார், சம்ப், சம்புக்கு வரும் பைப், லாரித் தண்ணீரா போரா முனிசிபல் தண்ணீரா. சம்பின் மூடி தரைமட்டத்தில் இருக்கிறதா, செப்டிக் டேங்க் எவ்வளவு தூரம், சம்புக்கு வரும் பைப் சாக்கடையைக் கடக்கிறதா. நாள் விட்டு நாள் தண்ணீர் வரும் ஊர்களில், சப்ளை நின்றதும் பைப்பில் அழுத்தம் இறங்கி, விரிசல் வழியாகச் சுற்றியுள்ள அழுக்கு உள்ளே இழுக்கப்படும். அடுத்த தடவை திறக்கும்போது முதலில் வருவது அதுதான். சம்பில் சரியாக இருந்தும் கடைசிக் குழாயில் கெட்டிருக்கலாம், அதனால் தண்ணீரில் மீதமிருக்கும் குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப்பை வைத்துத் தொட்டியில் பார்க்காமல் கடைசிக் குழாயில் பாருங்கள். மீதக் குளோரின் சாதாரண நாளில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், நோய் பரவும்போது 0.5 இருக்க வேண்டும். தெளிந்த தண்ணீரில் 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் சுமார் இரண்டரை கிராம் என்பது தொடக்கக் கணக்கு. பவுடரைக் கூழாகக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல்தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு அளந்து பார்த்துத்தான் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். வாய் திறந்த மூட்டையில் பல வாரம் கிடந்த பவுடரில் குளோரின் போய்ச் சுண்ணாம்புதான் மிச்சமிருக்கும். அளக்காமல் போட்டால் போட்டதாக நினைத்துக்கொள்வதோடு சரி.

கிருமியின் பெயர் தெரியும்வரை எதுவும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1968-ல் அமெரிக்காவின் மிச்சிகனில், பான்டியாக் நகரில், ஒரு சுகாதாரத் துறை அலுவலகத்திலேயே 100 ஊழியர்களில் 95 பேருக்குக் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. விசாரிக்க வந்தவர்களும் விழுந்தார்கள். லேபில் எந்தக் கிருமியும் அகப்படவில்லை. ஆனால் யார், எப்போது, எங்கே என்ற கணக்கு ஏ.சி. அமைப்பைக் காட்டியது. பழுதான கண்டென்சரின் நீர்த்திவலை காற்றுக் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. அது லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா என்று சேமித்துவைத்த மாதிரிகளை வைத்துக் கண்டுபிடித்தது, ஒன்பது ஆண்டு கழித்து 1977-ல். 2020 மார்ச்சில் சியோலில் ஒரு கால் சென்டரில் கொரோனா வந்தபோதும் இதே தலைக்கணக்குதான் பேசியது. கட்டடத்தோடு தொடர்புள்ள 1,143 பேரைச் சோதித்ததில் 97 பேருக்குத் தொற்று, அதில் 94 பேர் 11-ஆம் மாடியில் வேலை பார்த்த 216 பேருக்குள். அவர்களிலும் பெரும்பாலோர் மாடியின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். லிஃப்டும் வரவேற்பறையும் எல்லா மாடிக்கும் பொதுவாக இருந்தும் மற்ற மாடிகளுக்கு அவ்வளவாகப் போகவில்லை. நெருக்கமாக உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுவதுதான் ஆபத்து என்பதை, நோய் வராத மற்ற மாடிக்காரர்களின் எண்ணிக்கைதான் காட்டியது.

ஆகவே இன்றே செய்யக்கூடியவை: குடிநீருக்குக் கொதிக்கவைத்தது அல்லது வெளியிலிருந்து நம்பகமான கேன். வாந்தி, பேதி உள்ள சமையலாளை, நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சம்பளத்தோடு வீட்டில் வைப்பது. கழிப்பறையிலும் கேன்டீன் வாசலிலும் சோப்பும் ஓடும் தண்ணீரும், ஏனென்றால் ஆல்கஹால் சானிடைசர் நோரோவைரஸுக்குச் சரியாக வேலை செய்யாது. வாந்தி எடுத்த இடத்தைக் கையுறை போட்டுத் துடைத்தபின், 10 லிட்டர் வாளிக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவிப் பத்து நிமிடம் ஊறவிடுவது. அதோடு டாய்லெட் ஆசிட்டைக் கலந்தால் விஷவாயு வரும், கலக்கவே கூடாது. சமைத்த சாதத்தை 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழோ வைப்பது. இந்த வேலைகளுக்கு எந்த அறிக்கையும் வர வேண்டியதில்லை.

வதந்தியையும் நோயைப் போலவே கவனியுங்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பகுதித் தொழிற்சாலை ஒன்றின் பெண்கள் விடுதியில் உணவு நஞ்சாகி, நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, தோழிகளின் நிலை என்ன என்று யாரும் தெளிவாகச் சொல்லாததால் இறந்துவிட்டார்கள் என்ற பேச்சு பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. எத்தனை பேர் எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை பேர் திரும்பினார்கள், எது தெரியும், எது இன்னும் தெரியாது என்று காலையும் மாலையும் ஆலையில் சொன்னால் போதும்.

கடைசியாக, இந்த வாரப் பேதி நின்றதும் அந்தப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்திருந்தால், பேதியைக் கொடுத்த கிருமியோடு மஞ்சள்காமாலைக் கிருமியும் உள்ளே போயிருக்கலாம். ஹெபடைடிஸ் ஏ வெளிப்பட இரண்டு முதல் ஏழு வாரம், ஹெபடைடிஸ் ஈ-க்கு இரண்டு முதல் ஒன்பது வாரம் ஆகும். அடுத்த இரண்டு மாதத்தில் யாருக்காவது பசி மறந்து, குமட்டி, சிறுநீர் கடுமஞ்சளாகப் போய், கண் மஞ்சளித்தால், ஊருக்குப் போயிருந்தாலும் சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லுங்கள். உங்கள் லைனில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களை முதலில் கேளுங்கள். ஹெபடைடிஸ் ஈ மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே ஆறிவிடும், கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிக்கு அது உயிரைப் பறிக்கக்கூடிய நோய்.